பாலுணர்வும் பிரமச்சரியமும்: யோக சாதனையில் இறங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொழும்பு வெள்ளவத்தையில் சனிக்கிழமை மாலைகளில் சிலராகக் கூடித் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தை வாசித்து வருகிறோம். எட்டு அங்க யோகத்தைச் சொல்லும் பகுதி அது. வாசிப்பு முடிந்து எல்லோரும் எழுந்த பிறகு, செருப்பைத் தேடுகிற பாவனையில் யாராவது ஒருவர் பின்தங்கி நிற்பார்; தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்பார். அந்தக் கேள்வி பெரும்பாலும் இந்த விடயத்தைப் பற்றியதாகவே இருக்கும். இருபது வயதுப் பிள்ளைகளும் கேட்டிருக்கிறார்கள், பேரப்பிள்ளை கண்டவர்களும் கேட்டிருக்கிறார்கள். நான் மணம் முடித்தவன், துறவி அல்லன். நூல்களில் படித்ததையும், பெரியோரிடம் கேட்டதையும், இத்தனை ஆண்டுகளில் என் கண்ணால் கண்டதையும் வைத்தே இங்கே விடை சொல்கிறேன்.

பிரமச்சரியம் என்றால் மணம் முடிக்காமல் இருப்பதுதானே?

நடைமுறை வழக்கில் அப்படித்தான் ஆகிவிட்டது. ஆனால் அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் பிரமத்தில் ஒழுகுதல், பரம்பொருளை நோக்கி நடத்தல் என்றே பொருள் வரும். சைவர்கள் நாள்தோறும் சொல்லும் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்ற நான்கில் முதலாவதான சரியையும் அதே வேரில் பிறந்த சொல்தான். எதை விட்டோம் என்பதைவிட எந்தப் பக்கம் நடக்கிறோம் என்பதையே அந்தச் சொல் முதலில் கேட்கிறது.

எட்டு அங்கங்களில் முதலாவதான யமம் என்பது தீயவற்றை விலக்கும் ஒழுக்கம். பதஞ்சலி முனிவர் யமங்கள் ஐந்து என்றார்: கொல்லாமை, வாய்மை, கள்ளாமை, பிரமச்சரியம், பொருள் சேர்த்து வைக்காமை. திருமூலர் அதையே இயமம் என்று சொல்லிப் பத்தாக விரித்தார். அவருடைய பாட்டில் "கள் காமம் இல்லான்" என்பது கடைசி அடியை ஒட்டித்தான் வருகிறது. அதற்கு முன்பே "பகுந்துண்பான்" வந்துவிடுகிறது. தன் சோற்றைப் பிறருக்குப் பகிராதவன் காமத்தை வென்று என்ன ஆகப் போகிறது என்று அந்த வரிசையைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும். இது என் வாசிப்பு. உரைகாரர்கள் இப்படிச் சொன்னதாக நான் சொல்லவில்லை. ஆயினும் காமத்தை மட்டும் தனியே பிடுங்கி எடுத்து அதனோடு மல்லுக்கட்டுகிறவர்கள் மற்ற ஒன்பதையும் ஒருமுறை திரும்பிப் பார்ப்பது நல்லது.

சித்தர் பாடல்களில் அடிக்கடி வரும் "விந்து" என்பது ஆண் உடலில் ஊறும் விந்துவைத்தான் குறிக்கிறதா?

சில இடங்களில் ஆம், பல இடங்களில் இல்லை. சைவ சித்தாந்தம் சொல்லும் முப்பத்தாறு தத்துவங்களில் மேலே நிற்கும் ஐந்தும் சிவதத்துவங்கள். நாதம், விந்து, சாதாக்கியம், மகேசுரம், சுத்தவித்தை என்பன அவை. அங்கே நாதம் சிவத்தின் நிலை, விந்து சத்தியின் நிலை. விந்து என்பதற்குப் புள்ளி, துளி என்ற பொருளும் உண்டு. ஒலியும் ஒளியும் விரியத் தொடங்கும் நுண்ணிய முனை என்ற பொருளும் உண்டு. எனவே "விந்து மேலேறும்" என்று ஒரு பாட்டு வந்தால், அது உடற்கூற்றைச் சொல்கிறதா, தியானத்தில் கருத்து ஒடுங்கும் படிகளைச் சொல்கிறதா என்று முன்பின் பாட்டுகளோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். சித்தர்கள் பலவிடத்தும் இரண்டையும் ஒரே சொல்லில் பின்னி வைத்திருக்கிறார்கள். பரிபாசை என்பது அதுதான். ஒரு பொருளை மட்டும் பிடித்துக்கொண்டு, விந்து குழாய் வழியே முதுகெலும்பில் ஏறித் தலைக்குப் போகிறது என்று விளக்குகிறவர்கள் பாட்டையும் அறியவில்லை, உடலையும் அறியவில்லை.

ஒரு துளி விந்து இத்தனை துளி இரத்தத்துக்குச் சமம் என்கிறார்களே, உண்மையா?

இது மரபில் உள்ள ஒரு கருத்து திரிந்து வந்த வடிவம். சித்த மருத்துவத்தில் உடற்தாதுக்கள் ஏழு: சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை, ஏழாவதாக ஆணுக்குச் சுக்கிலம், பெண்ணுக்குச் சுரோணிதம். உண்ட உணவு ஒன்றிலிருந்து ஒன்றாகப் பக்குவப்பட்டு ஏழாவது தாதுவில் முடிகிறது என்றும், அதன் சாரமாகிய ஓசசே உடலுக்கு ஒளியும் உறுதியும் தருகிறது என்றும் ஆயுர்வேதம் சொல்லும். விவேகானந்தரும் 1896இல் வெளிவந்த இராஜயோக நூலில், கட்டுப்படுத்தப்பட்ட பாலுணர்வு ஆற்றல் ஓசசாக மாறுகிறது என்ற யோகிகளின் கருத்தை எடுத்துரைத்தார். அடுத்த ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் அவர் கொழும்புத் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது தமிழ்ச் சைவர்கள் பெருந்திரளாகக் கூடி வரவேற்றார்கள். அவருடைய சொற்கள் இந்த ஊரில் ஆழமாக வேரூன்றியதில் வியப்பில்லை.

இந்தக் கருத்து ஆய்வுகூடத்தில் அளந்து சொன்ன இரசாயனக் கணக்கு அன்று; உடலையும் மனத்தையும் ஒரே தொடராகக் கண்ட ஒரு மரபு தன் அனுபவத்தைச் சொன்ன மொழி. அதைத் துளிக் கணக்காக மாற்றி, இளைஞர்களைப் பயமுறுத்தி மருந்து விற்றவர்கள் பின்னால் வந்தவர்கள். "வாலிப வயோதிக அன்பர்களே" என்று கூவும் விளம்பரங்களைக் கேட்டு வளர்ந்த நம் தலைமுறைக்கு அந்த வியாபாரம் புதிதல்ல.

அப்படியானால் நவீன மருத்துவம் என்ன சொல்கிறது?

சுருக்கமாகச் சொல்கிறேன். ஆணின் உடலில் விந்தணுக்கள் நாள்தோறும் கோடிக்கணக்கில் உருவாகின்றன. ஓர் அணு உருவாகி முதிர இரண்டு, இரண்டரை மாதங்கள் செல்லும். வெளியேறாத அணுக்களை உடல் தானே சிதைத்து உள்வாங்கிக்கொள்கிறது. ஒருமுறை வெளியேறும் திரவத்தின் அளவு சில மில்லிலீற்றர் மட்டுமே. அதிலும் பெரும்பகுதி விந்துப் பைகளும் புரோஸ்டேட் சுரப்பியும் சுரக்கும் நீர். அதில் சிறிது சர்க்கரையும், சிறிது புரதமும், மிகச் சிறிதளவு துத்தநாகமும் உண்டு. ஒரு வேளைச் சோறு ஈடுசெய்ய முடியாத இழப்பு எதுவும் அதில் இல்லை.

விந்து இழப்பால் உடல் உருக்குலைகிறது என்ற அச்சமே ஒரு நோயாக மாறுவதை மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். இந்திய மனநல மருத்துவர் விக் 1960இல் இதற்கு "டாத் சின்ட்ரோம்" என்று பெயரிட்டார். டாத் என்பது நம்முடைய தாது என்ற சொல்தான். களைப்பு, நித்திரையின்மை, நெஞ்சுப் படபடப்பு, மனச்சோர்வு எல்லாம் அவர்களுக்கு உண்மையாகவே இருக்கும். அவற்றுக்குக் காரணம் என்று அவர்கள் நம்புவதுதான் பிழை. அத்தகையவர்களுக்கு மருத்துவரின் உதவி தேவை. அதைத் தேடிப் போவதில் எந்த வெட்கமும் வேண்டாம். இலங்கையின் தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கமான 1926க்கு எவரும் அழைத்துப் பேசலாம்.

கனவில் வெளியேறிவிட்டால் செய்த சாதனை வீணாகிவிடுமா?

இல்லை. அது உடலின் இயல்பு. எழுந்து குளித்துவிட்டு வழக்கமான வழிபாட்டைத் தொடருங்கள். அதற்கெனத் தனிப் பிராயச்சித்தம் தேடி அலைய வேண்டாம்.

சுயஇன்பப் பழக்கத்தை விட முடியவில்லை. நாட்களை எண்ணிப் பார்த்தேன், ஒவ்வொரு முறையும் தோற்றுப் போகிறேன். என்ன செய்வது?

எனக்குத் தெரிந்த ஓர் இளைஞன் இருந்தான். மருதானைப் பக்கம் ஒரு கடையில் வேலை. ஒரு நாள் வாசிப்பு முடிந்து கடற்கரைப் புகையிரதப் பாதையோரம் நடந்துகொண்டிருந்தபோது, காற்சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் கொப்பியை எடுத்துக் காட்டினான். கட்டம் போட்ட தாள். ஒவ்வொரு கட்டத்திலும் நீலப் பேனையால் ஒரு சரி அடையாளம். ஏழு, பதினொன்று, இருபது என்று போய், சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. அதன் பிறகு மீண்டும் ஒன்று. பக்கம் பக்கமாக அப்படியே. நாற்பத்து மூன்று வரை போன ஒரு தொடர் முறிந்த இடத்தில் பேனை தாளைக் கிழித்திருந்தது. அந்தக் கிழிசலைப் பார்த்ததும் எனக்கு அவன்மேல் இரக்கம்தான் வந்தது. கண்களுக்குக் கீழே கருவளையம், பேச்சில் நடுக்கம். இரவெல்லாம் அந்த எண்ணத்தோடு போராடி விடிந்ததும் வேலைக்குப் போகிறான். நாள் முழுவதும் அவன் மனம் காமத்திலேயே கிடந்தது. காமம் வேண்டாம் என்று சொல்வதும் காமத்தை நினைப்பதுதானே.

நான் அவனிடம் திருமந்திரத்தின் ஒரு பாட்டை நினைவுபடுத்தினேன். "ஏற்றி இறக்கி இருகாலும் பூரிக்கும் காற்றைப் பிடிக்கும் கணக்கறிவார் இல்லை" என்று தொடங்கும் பாட்டு. திருமூலரும் கணக்குத்தான் சொல்கிறார். ஆனால் அவர் எண்ணச் சொல்வது நாட்களை அன்று, மூச்சை. நாட்களை எண்ணுகிறவனுக்கு எண்ணிக்கை ஏறஏற விழுந்துவிடுவோமோ என்ற பயமும் கூடவே ஏறும். மூச்சை எண்ணுகிறவன் ஓர் எண்ணைத் தவறவிட்டால் அடுத்த மூச்சில் ஒன்றிலிருந்து தொடங்குகிறான், அவ்வளவுதான். அங்கே தோல்வி என்று ஒன்றும் இல்லை.

இந்தப் பழக்கத்தால் உடலுக்குக் கேடு வருவதில்லை என்பதை மேலே சொன்னேன். அப்படியென்றால் சாதகன் ஏன் அதைக் குறைக்கப் பார்க்க வேண்டும்? மனம் சலிக்கும்போதும், தனிமையில் நோகும்போதும், கோபப்படும்போதும் ஒரே கதவைத் தட்டிப் பழகிவிட்டால், அந்தச் சலிப்பையும் நோவையும் நேருக்கு நேர் பார்க்கும் பலம் வளராமல் போகிறது. அந்தப் பலத்துக்காகத்தான். எனவே விழுந்த அன்று உங்களையே ஏசுவதை விட்டுவிட்டு, அதற்கு முந்திய ஒரு மணி நேரத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். அந்தப் பையனுக்குப் பெரும்பாலும் அது முதலாளி ஏசிய நாளாகவே இருந்தது.

முதுகெலும்பின் அடியில், மூலாதாரத்தில், உறங்குவதாகச் சொல்லும் குண்டலினி ஆற்றலை எழுப்பினால் காமம் தானாக அடங்கிவிடும் என்கிறார்களே?

ஒளவையாரின் விநாயகர் அகவலைச் சிறு வயதிலிருந்தே மனப்பாடமாகச் சொல்லி வருகிறோம். அதில் "மூலாதாரத்தின் மூண்டெழு கனலைக் காலால் எழுப்பும் கருத்தறிவித்து" என்று ஓர் இடம் வரும். கால் என்றால் பாதம் என்று எண்ணி எத்தனையோ பேர் அந்த வரியைக் கடந்துபோகிறார்கள். நானும் முப்பது வயது வரை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அங்கே கால் என்பது காற்று, அதாவது மூச்சு. சற்று முன் சொன்ன திருமூலர் பாட்டில் "இருகால்" என்பதும் இடது நாசியில் ஓடும் இடகலை, வலது நாசியில் ஓடும் பிங்கலை என்ற இரண்டு மூச்சுகளே. மூலாதாரத்துக் கனலை எழுப்பும் கருவி மூச்சு என்பதில் ஒளவையாரும் திருமூலரும் ஒரே குரலில் பேசுகிறார்கள்.

மூச்சின் அளவையும் திருமூலர் சொல்லியிருக்கிறார்: இடது நாசியால் பதினாறு மாத்திரை (கண் இமைக்கும் அல்லது கை நொடிக்கும் நேரம் ஒரு மாத்திரை) உள்ளிழுத்தல், அறுபத்து நான்கு மாத்திரை அடக்குதல், முப்பத்திரண்டு மாத்திரை வெளிவிடுதல். இதைப் படித்தவுடனே அறுபத்து நான்கை எட்டிப்பிடிக்கப் பார்க்காதீர்கள். நீண்ட காலம் பழகியவர்களுக்கு உரிய அளவு அது. இரத்த அழுத்தமோ, இதய நோயோ, வலிப்போ உள்ளவர்கள் மூச்சை அடக்கவே கூடாது. தொடக்கத்தில் அடக்காமல், உள்ளே போவதைவிட வெளியே போவது சற்று நீளமாக இருக்கும்படி பத்து நிமிடம் எண்ணிப் பழகினாலே போதும். உடலின் கொதிப்புத் தணிவதை நீங்களே உணர்வீர்கள்.

கேள்வியின் மற்றப் பாதிக்கு என் விடை: தானாக அடங்காது. மனம் ஒருமைப்படத் தொடங்கும்போது உள்ளே கிடந்தவை எல்லாம் மேலே வரும், காமமும் வரும். முன்னிலும் கூடுதலாக வந்ததாகச் சிலர் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். அது பின்னடைவு அல்ல. கிணற்றைத் தூர்வாரினால் முதலில் கலங்கல்தான் வரும்.

அடக்கி வைத்தால் கோபமும் மனநோயும் வரும் என்று படித்தேன். இதில் உண்மை உண்டா?

எதை அடக்கம் என்கிறோம் என்பதைப் பொறுத்தது. கீதையின் மூன்றாம் அத்தியாயம், கைகால்களைக் கட்டி வைத்துக்கொண்டு மனத்தால் புலன்பொருட்களையே நினைத்திருப்பவனைப் பொய்யொழுக்கம் உடையவன் என்கிறது. அந்த வகை அடக்கம் கோபமாகத்தான் வெடிக்கும். வீட்டில் மனைவி மேலும் பிள்ளைகள் மேலும், பேருந்தில் நடத்துநர் மேலும் அது பாயும். பிரமச்சரியம் காக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு ஊரெல்லாம் ஒழுக்கக் குறைவைத் தேடித் திரிகிறவர்களைக் கண்டிருப்பீர்கள்.

வள்ளுவர் காட்டும் ஆமை வேறு. "ஒருமையுள் ஆமைபோல் ஐந்தடக்கல்" என்ற குறளைப் படிக்கும்போது ஓர் ஆமையை மனக்கண்ணில் கொண்டுவாருங்கள். அது தன் காலை வெறுத்து உள்ளிழுப்பதில்லை, வெட்டி எறிவதும் இல்லை. வேண்டும்போது நீட்டும், வேண்டாதபோது ஒடுக்கும். அதே வள்ளுவர்தான் காமத்துப்பாலுக்கு 25 அதிகாரங்கள் ஒதுக்கி, பிரிவில் மெலியும் பெண்ணின் வளையல் கழல்வதைக்கூட விடாமல் பாடினார்.

மணமானவர்கள் இந்தப் பாதையில் போக முடியுமா? பரியங்க யோகம் என்பது என்ன?

முடியும். திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்திலேயே பரியங்க யோகம் என்று ஒரு பகுதி உண்டு. பரியங்கம் என்றால் கட்டில். கணவனும் மனைவியும் கூடும் கூட்டத்தையே மூச்சும் கருத்தும் சிதறாத யோகமாக ஆக்கலாம் என்பது அதன் சாரம். அந்தப் பாடல்கள் மூச்சுப் பயிற்சியில் தேர்ந்தவர்களை நோக்கிச் சொல்லப்பட்டவை. காணொளி பார்த்துச் செய்து பார்க்கக்கூடிய முறை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நம் முன்னோர் பொது வாழ்வுக்குச் சொன்ன அளவு எளிமையானது: நாளுக்கு இரண்டு, வாரத்துக்கு இரண்டு, மாதத்துக்கு இரண்டு, வருடத்துக்கு இரண்டு. நாளுக்கு இருமுறை மலம் கழித்தல், வாரத்துக்கு இருமுறை எண்ணெய் முழுக்கு, மாதத்துக்கு இருமுறை கூடல், வருடத்துக்கு இருமுறை பேதி. எண்ணெய் முழுக்குக்கும் பேதிக்கும் நடுவே கூடலை வைத்துப் பேசிய அந்த இயல்பான தொனி எனக்குப் பிடிக்கும். அதில் குற்ற உணர்வும் இல்லை, கொண்டாட்டமும் இல்லை.

ஆனால் இல்லறத்தில் நின்ற அடக்கத்துக்கு எனக்குத் தெரிந்த உயர்ந்த சான்று யோக நூல்களில் இல்லை, பெரியபுராணத்தில் இருக்கிறது. தில்லையில் மண்பாண்டம் வனைந்த திருநீலகண்ட நாயனார் இளமையில் ஒரு பரத்தையிடம் போய் வந்தார். மனைவியார் சண்டை போடவில்லை. சமையல், பணிவிடை எதிலும் குறை வைக்கவில்லை. அவர் நெருங்கியபோது மட்டும், "எம்மைத் தீண்டுவீராயின் திருநீலகண்டம்" என்று ஆணையிட்டார். என்னை என்று சொல்லியிருந்தால் அவர் ஒருவரோடு முடிந்திருக்கும். எம்மை என்று பன்மையில் சொன்னதால், பெண்கள் எவரையும் இனி மனத்தாலும் தீண்டேன் என்று நாயனார் ஏற்றுக்கொண்டார். அன்றிலிருந்து இருவரும் ஒரே சிறுவீட்டில், அயலார் எவருக்கும் தெரியாமல், முதுமை வரை அப்படியே வாழ்ந்தார்கள். பின்பு சிவயோகியாக வந்த இறைவன் ஒரு திருவோட்டைக் கொடுத்து மறைத்து, அதை நீ திருடவில்லை என்றால் மனைவியின் கையைப் பிடித்துக் குளத்தில் மூழ்கிச் சத்தியம் செய் என்று வழக்காடியபோதுதான், மூங்கில் கோலின் இரு முனைகளையும் ஆளுக்கொன்றாகப் பிடித்து இறங்க வேண்டி வந்து, அந்த இரகசியம் ஊருக்குத் தெரிந்தது. மூழ்கி எழுந்தபோது இருவரும் இளமை பெற்றிருந்தார்கள் என்கிறது புராணம்.

இந்தக் கதையை நான் எத்தனை முறை சொன்னாலும் அந்தக் கோலின் இடத்தில் தொண்டை அடைக்கும். அவர் சித்தி வேண்டி அடக்கவில்லை, முகத்தில் தேசு வேண்டி அடக்கவில்லை. தான் புண்படுத்திய ஒருத்தியின் சொல்லுக்கும் தான் வணங்கிய திருநாமத்துக்கும் மதிப்புக் கொடுத்தார். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை, எத்தனை வருடம் என்று எண்ணிக்கொண்டும் இருக்கவில்லை. இறைவன் கடைசியில் கொடுத்தது இளமையை, அதுவும் இருவருக்கும் சேர்த்து. இல்லறத்தை விட்டு வா என்று அவர்களைப் பிரித்து அழைக்கவில்லை.

எனக்குச் சாதனையில் ஈடுபாடு வந்துவிட்டது. என் மனைவிக்கு இல்லை. நான் மட்டும் விலகி இருக்கலாமா?

அவரிடம் கேட்காமல் கூடாது. காந்தியடிகள் 1906இல் பிரமச்சரிய விரதம் ஏற்றபோதுகூடக் கஸ்தூரிபாவிடம் பேசிய பிறகே ஏற்றார். ஒருவர் விரதம் இன்னொருவர் தலையில் தண்டனையாக விழக்கூடாது. விலகல் வேண்டுமானால், எந்த நாட்கள், எவ்வளவு காலம் என்று இருவரும் பேசி முடிவெடுங்கள். அவர் வேண்டாம் என்றால் அந்த மறுப்பையும் உங்கள் சாதனையின் ஒரு பகுதியாக ஏற்றுக்கொள்ளுங்கள். அதுபோலவே, யோகம் என்ற பெயரைச் சொல்லி விருப்பமில்லாத மனைவியை நெருங்குவதும் பெருங்குற்றம்.

பெண்களுக்கு இதில் இடமே இல்லையா? எல்லா நூலும் ஆணைப் பற்றியே பேசுகிறதே.

இதைக் கேட்டவர் பம்பலப்பிட்டியில் கணக்காளராக வேலை பார்க்கும் ஒரு சகோதரி. நியாயமான குறை. எழுதி வைத்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள்; அவர்களுக்குத் தெரிந்த உடல் ஆண் உடல். ஆயினும் ஏழாவது தாதுவுக்குச் சித்த மருத்துவம் இரண்டு பெயர் வைத்ததை மேலே சொன்னேன். மூச்சு, மூலாதாரம் முதலான ஆதாரங்கள், கருத்தின் ஒருமை இவற்றில் ஆண் பெண் என்ற வேறுபாடு கிடையாது. பெண் சாதகர்களுக்கு வரும் இடைஞ்சல் வேறு வகையானது என்று அந்தச் சகோதரி சொன்னார்: சிறு வயதிலிருந்தே அடக்கம் என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டு, ஆசை என்று ஒன்று தனக்கு இருப்பதையே ஒத்துக்கொள்ள முடியாமல் போய்விடுகிறது. இருப்பதை அறியாமல் அதை எப்படித் திசைதிருப்புவது? இந்த இடத்தில் ஆண்டாளின் பாசுரங்கள் துணை செய்யும். அவர் தம் வேட்கையை மறைக்கவில்லை, குறுக்கவில்லை. முழுவதையும் திருமாலின் பக்கம் திருப்பினார்.

பட்டினத்தார் போன்றோர் பெண்ணுடலை இவ்வளவு இழித்துப் பாடியிருக்கிறார்களே. அப்படி வெறுத்தால்தான் காமம் போகுமா?

வெறுப்பு காமத்தின் மறுபக்கம். இரண்டும் அந்த உடலை விட்டு விலகுவதில்லை. அந்தப் பாடல்கள் தம் சொந்த மனத்தை இழுத்துப் பிடிக்கப் பாடியவை. அவற்றை எடுத்து மற்றவர்மேல் வீசுவது முறையல்ல. அதே பட்டினத்தார் தாயின் சிதைக்கு முன் நின்று "ஐயிரண்டு திங்களாய்" என்று உருகியதையும் சேர்த்துப் படியுங்கள். ஞானசம்பந்தரோ "பெண்ணில் நல்லாளொடும் பெருந்தகை இருந்ததே" என்று பாடினார். காமனை நெற்றிக் கண்ணால் எரித்த சிவனே பின்பு உமையை மணந்ததையும், இரதியின் வேண்டுகோளுக்கு இரங்கிக் காமனுக்கு உயிர் கொடுத்ததையும் கந்தபுராணப் படிப்பில் ஆண்டுதோறும் கேட்கிறோம். எரிந்தது அவனுடைய உருவம்; அவன் அநங்கனாக, உருவமில்லாதவனாக இன்னும் இருக்கிறான்.

வாழ்நாள் முழுவதும் முடியாது. குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும் கடைப்பிடித்தால் பலன் உண்டா?

உண்டு, நம் மரபு வழியும் அதுவே. ஐப்பசி அமாவாசைக்குப் பின் வரும் கந்தசஷ்டியின் ஆறு நாட்கள், கேதாரகௌரி விரத நாட்கள், கார்த்திகை முதல் நாளில் மாலையணிந்து ஐயப்பனுக்கு இருக்கும் நாற்பத்தொரு நாட்கள் எல்லாம் இல்லறத்தாருக்கென்றே அமைந்த பயிற்சிக் காலங்கள். போயா என்னும் பௌர்ணமி தினத்தில் அயல்வீட்டுச் சிங்களச் சகோதரர்கள் வெள்ளையுடுத்தி விகாரைக்குப் போவதைக் காண்கிறோமே, அவர்களிலும் இதே முறைதான். அன்றாடம் காக்கும் ஐந்து சீலங்களில் மூன்றாவது முறையற்ற காமத்தை விலக்குவது; போயாவன்று எட்டுச் சீலம் எடுக்கும்போது அதுவே முழுப் பிரமச்சரியமாக மாறுகிறது. ஒரு பகலும் ஓர் இரவும். மறுநாள் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். எல்லை தெரிந்த விரதத்தை மனம் அடம்பிடிக்காமல் ஏற்றுக்கொள்ளும்.

பாலுணர்வு ஆற்றலை மாற்றித் தரும் தீட்சை என்று சொல்லிப் பெருந்தொகை கேட்கிறார் ஒருவர். தனியே வரச் சொல்கிறார். போகலாமா?

போகாதீர்கள். தொகை கேட்பதும், தனியே வரச் சொல்வதும், வீட்டில் சொல்லாதே என்பதும், உடலைத் தொடுவது தீட்சையின் பகுதி என்பதும் ஒவ்வொன்றும் தனித்தனியே போதுமான எச்சரிக்கை. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இப்படியொருவரை நம்பிக் காப்பை அடகு வைத்தது. பணத்தைவிட அந்த வீட்டுப் பெண்பிள்ளையின் நிம்மதி போனதுதான் பெரிய இழப்பு. அவள் இரண்டு வருடம் கோயில் வாசலைக்கூட மிதிக்கவில்லை. யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறையில் ஓலைக் குடிசையில் வாழ்ந்த யோகர் சுவாமிகள் தம்மைத் தேடி வந்தவர்களுக்குச் சொன்னது "சும்மா இரு" என்பதைத்தான். அதற்கு அவர் விலை வைக்கவில்லை. ஏதேனும் நடந்துவிட்டால் பாதிக்கப்பட்டவர்மேல் எந்தப் பிழையும் இல்லை. இலங்கையில் பெண்களுக்கு 1938, சிறுவர்களுக்கு 1929 என்ற தொலைபேசி இலக்கங்களில் முறையிடலாம்.

இரவில் கைத்தொலைபேசிதான் என்னைக் கெடுக்கிறது. அதற்கு மரபில் வழி உண்டா?

கைத்தொலைபேசிக்கு மரபில் வழி ஏது! படுக்கும் அறைக்கு வெளியே மின்னேற்றப் போடுங்கள். காலையில் எழும்ப ஒரு மணிக்கூடு வாங்குங்கள். இரவுச் சாப்பாட்டைக் குறைத்து நேரத்தோடு முடியுங்கள்.

தொடர்மாடியில் இரண்டு அறைக்குள் ஆறு பேர் இருக்கிறோம். சாதனைக்குத் தனியிடமே இல்லை. எங்கே, எப்படித் தொடங்குவது?

மற்றவர்கள் எழும்புவதற்கு முன் மொட்டை மாடிக்குப் போங்கள். வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் இருப்பவர்களுக்குக் கடற்கரை நடைதூரம். கொச்சிக்கடைப் பக்கம் இருப்பவர்கள் பொன்னம்பலவாணேசர் கோயிலின் கருங்கல் மண்டபத்தில் ஒரு தூணருகே உட்காரலாம். முதுகை நிமிர்த்தி, கண்ணை மூடி, வெளியே போகும் மூச்சை மட்டும் ஒன்று முதல் பதினாறு வரை எண்ணுங்கள். நடுவில் யாருடைய முகமாவது நினைவில் வந்தால் அதைத் துரத்த வேண்டாம், பின்தொடரவும் வேண்டாம். எண்ணிக்கை தவறியிருக்கும், ஒன்றிலிருந்து தொடங்குங்கள். கீழே புகையிரதம் போகும், பால்காரர் மணியடிப்பார், குழந்தை அழும். அழுவது உங்கள் குழந்தை என்றால் எழுந்து போய்த் தூக்குங்கள். மீதியை நாளைக்கு எண்ணலாம்.